தூக்குக்கயிறு நீதியாகுமா?

பரந்தன் சந்தியிலே மூன்று பாதைகள் கூடுகின்றன. தெற்கே போகும் பாதை கிளிநொச்சியையும் வவுனியாவையும் கடந்து தலைநகரை நோக்கிச் செல்கிறது. வடக்கே போகும் பாதை ஆனையிறவைத் தாண்டி, பளை, மிருசுவில், செம்மணி வழியாக யாழ்ப்பாணத்தை அடைகிறது. கிழக்கே பிரியும் பாதை முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு என்று நீண்டு முல்லைத்தீவுக்குப் போகிறது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வன்னி மக்கள் மூட்டை முடிச்சுகளோடு முள்ளிவாய்க்காலை நோக்கி நகர்ந்தது அந்தப் பாதையால்தான். இச்சந்திக்கு அருகே பிறந்து வளர்ந்த எமக்கு, இந்நாட்டின் நீதியைப்பற்றி எண்ணும்போதெல்லாம் இம்மூன்று பாதைகளும் கண்முன்னே வந்து நிற்கின்றன.

2025 செப்ரெம்பர் முதல் வாரத்தில் ஒருநாட் காலை. சிறுபோக அறுவடை முடிந்த வயல்களின் தூசியைச் சோளகக் காற்று வாரிக்கொண்டு வந்தது. சந்தித் தேநீர்க்கடையிலே பத்திரிகையை விரித்துப் படித்துக்கொண்டிருந்தோம். செம்மணி சித்துப்பாத்தி மயானத்திலே அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புக்கூடுகளின் தொகை 200ஐத் தாண்டிவிட்டது என்பது அன்றைய செய்தி. கடைவாசலிலே கச்சான் விற்கும் ஆச்சியொருத்தி, “உதை உரத்து வாசியுங்கோ தம்பி” என்றாள். வாசித்தோம். 1996ஆம் ஆண்டிலே, குடாநாட்டில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், காவலரண் ஒன்றிலே பிடித்துச் செல்லப்பட்ட மூத்த மகனை இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவள் அவள். செய்தி முடிந்ததும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

“உவங்களைத் தூக்கிலை போட்டிருக்கவேணும் தம்பி. மறியலிலை வைச்சிருந்தால் ஒருநாள் மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போவாங்கள்.”

மரணதண்டனையை ஒழிக்கவேண்டும் என்பது எமது நெடுநாட் கொள்கை. அதுபற்றி மேடைகளிற் பேசியிருக்கிறோம். ஆயினும் அன்று அந்த ஆச்சிக்கு உடனே மறுமொழி சொல்ல எமக்கு நா எழவில்லை. இந்தக் கட்டுரை, நாம் அன்று சொல்லத் தவறிய மறுமொழியே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அவளுடைய ஆத்திரம் எமக்கும் உண்டு. 2015 மே மாதம் புங்குடுதீவிலே மாணவி வித்தியா கொடூரமாகக் கொல்லப்பட்டபோது வடபுலமே கொதித்தெழுந்தது. 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கூடிய மன்றம் எழுவருக்கு மரணதண்டனை விதித்தபோது, மக்கள் ஆறுதற் பெருமூச்சு விட்டார்கள். கொள்கையைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு நாமும் அந்தப் பெருமூச்சிலே கலந்துகொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. பறிகொடுத்தவனின் கோபத்தை அநாகரிகம் என்று இகழ்பவன் பறிகொடுத்து அறியாதவன். ஆனால் கோபம் வேறு, சட்டம் வேறு. கோபம் மனிதனுக்கு இயல்பு. அந்தக் கோபம் எல்லை மீறாதிருக்கவே சட்டம் வேண்டப்பட்டது. கோபத்தின் கையிலேயே சட்டத்தை ஒப்படைத்துவிட்டால் என்ன நேரும் என்பதை எமது ஊர் அறியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எமக்கு அப்பொழுது வயது பதினைந்து. விடிந்தும் விடியாத நேரத்திலே சந்திக்குச் சற்றுத் தொலைவில், மின்கம்பமொன்றிலே ஒருவன் கட்டப்பட்டுச் சுடப்பட்டுக் கிடந்தான். கழுத்திலே ஓர் அட்டை தொங்கியது. ‘சமூக விரோதி’ என்று அதிலே எழுதியிருந்தது. தண்டனையை நிறைவேற்றியது ஓர் இயக்கம். வழக்கு என்ன, சாட்சி யார், அவன் தன் பக்கத்திலே சொன்னது யாது என்று எவரும் கேட்கவில்லை. “ஏதோ செய்திருப்பான்” என்றார்கள் பெரியவர்கள். “ஏதோ செய்திருப்பான்” என்று நாமும் பாடசாலையிலே போய்ச் சொன்னோம். வயல்களிலே கூலிவேலை செய்து பிழைத்தவன் அவன். அவனுடைய தாய் கம்பத்தின் அடியிலே உச்சி வெயில் ஏறும்வரை குந்தியிருந்தாள். அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க ஊரிலே யாரும் துணியவில்லை. எமது வீட்டுக் கிணறு முப்பது பாகத்துக்குள்ளே இருந்தது. நாமும் கொடுக்கவில்லை.

அவன் குற்றவாளியா இல்லையா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. இனித் தெரியவரப் போவதுமில்லை. கொலைத்தண்டனையின் முதற்கேடு இதுவே: அது கேள்வியையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. பின்னர் தொண்ணூறுகளில் விடுதலைப் புலிகள் நீதிமன்றங்களை அமைத்துச் சட்டக்கோவை வகுத்தபோது, அதிலும் மரணதண்டனை இடம்பெற்றது. ஆக, ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, ஒரு மனிதனைக் கட்டிவைத்துக் கொல்லும் உரிமை தமக்கு உண்டு என்ற நம்பிக்கை மட்டும் ஆளுவோர் எல்லாரிடமும் மாறாமல் இருந்தது.

கொழும்பின் கதை யாது? வெள்ளையர் ஆட்சி 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை கொலைக்குத் தூக்கை விதித்தது. 1928ஆம் ஆண்டிலேயே அத்தண்டனையை நீக்கவேண்டும் என்ற தீர்மானத்தை டி. எஸ். சேனநாயக்க சட்டநிரூபண சபையிலே கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது, ஆட்சியாளர் அசையவில்லை. 1956இல் பதவியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் தூக்கை நிறுத்த முற்பட்டு, 1958இல் அதற்கான இடைநிறுத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்ட அறிஞர் நோர்வல் மொறிஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழுவும் நியமிக்கப்பட்டது. எண்களை ஆராய்ந்து, அறிஞர்களைக் கேட்டு, இடைநிறுத்தம் தொடரவேண்டும் என்றே அந்தக் குழு 1959இல் பரிந்துரைத்தது.

அதே 1959 செப்ரெம்பர் 25ஆம் திகதி பிரதமர் சுடப்பட்டார்; மறுநாள் இறந்தார். சுட்டவன்மீது கருணை காட்டும்படியும், பழிவாங்க முற்படாதிருக்கும்படியும் அவர் மருத்துவமனையிலிருந்தே நாட்டுக்குச் செய்தி விடுத்தார். அந்தச் செய்தியை நாடு செவிமடுத்ததா? அவரது மரணத்தைக் காரணமாகக் கொண்டே, அவர் நிறுத்திவைத்த தூக்கைப் பாராளுமன்றம் அவ்வாண்டு முடிவதற்குள் மீட்டெடுத்தது; ஏற்கெனவே நடந்துவிட்ட கொலைக்கும் அது செல்லும்படி செய்தது. ஆயினும் அவசரத்திலே எழுதிய சட்டத்தின் சொற்கள், கொலைச் சதி என்ற குற்றத்தைப் பிடிக்கவில்லை. ஆகவே சதிக்காகத் தண்டிக்கப்பட்ட புத்தரக்கித தேரரும் மற்றொருவரும் மேன்முறையீட்டிலே ஆயுட் சிறையோடு தப்பினர். துப்பாக்கி பிடித்த சோமராம 1962 ஜூலை 6ஆம் திகதி தூக்கிலேறினான். ஏவியவர்கள் எனத் தீர்க்கப்பட்டோர் உயிரோடிருக்க, ஏவப்பட்டவன் மாண்டான். தூக்குக்கயிறு எவ்வளவு நீளம் என்பதை இவ்வொரு வழக்கே காட்டும்: அது கீழே நிற்பவனின் கழுத்துக்கு மட்டும் எட்டும்.

1975இல் மருசிரா என்று அழைக்கப்பட்ட சிறிபால, போகம்பறைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டான். மருந்தினால் நினைவிழந்து, நிற்கவும் இயலாத நிலையிலே தூக்குமேடைக்குச் சுமந்து செல்லப்பட்டான். நினைவற்ற உடம்பைத் தூக்கிலிட்டு எந்தப் பாடத்தை யாருக்கு உணர்த்தினார்கள்? மறு ஆண்டு, 1976 ஜூன் 23ஆம் திகதியோடு இந்நாட்டிலே தூக்கு ஓய்ந்தது. அதன்பின் எந்த ஜனாதிபதியும் ஒருவரையேனும் தூக்கிலிடவில்லை. ஆனால் சட்டம் நீக்கப்படவுமில்லை. நீதிபதிகள் தீர்ப்பு எழுதுகிறார்கள். குற்றவாளிகள் மரண அறைகளிலே ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கிறார்கள். கயிறு பெட்டிக்குள்ளே கிடக்கிறது. கொல்லவும் மனமில்லை, கைவிடவும் மனமில்லை.

இந்த இரண்டுங்கெட்டான் நிலையினால் விளைந்த விபரீதத்தை 2019ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு பெப்ரவரியில் அலுகோசு வேலைக்கு விளம்பரம் வெளிவந்தது. விண்ணப்பிப்பவருக்கு நல்லொழுக்கமும் மனத்திடமும் வேண்டுமாம்! நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு இதைவிட வேறு சான்றும் வேண்டுமோ? ஜூன் மாதம், போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடுவதற்கான ஆணைகளிலே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையெழுத்திட்டார். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர்தான், உலகெங்கும் மரணதண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் ஐக்கிய நாடுகள் சபைத் தீர்மானத்துக்கு இதே இலங்கை ஆதரவாக வாக்களித்திருந்தது. உயர் நீதிமன்றம் ஜூலை 5ஆம் திகதி தடையுத்தரவு பிறப்பித்தமையால் நால்வரும் பிழைத்தனர். அதே ஜனாதிபதி அதே ஆண்டு நவம்பரிலே, பதவியைவிட்டு இறங்கும் தறுவாயில், றோயல் பார்க் கொலைவழக்கிலே மரணதண்டனை பெற்ற செல்வந்தக் குடும்பத்து இளைஞனுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அதே பேனா, அதே கை! நாதியற்றவனுக்குக் கயிறு; வசதி படைத்தவனுக்குக் கருணை.

ஆச்சி சொன்ன ‘மாலை’க்கு இப்பொழுது வருகிறோம். பரந்தனிலிருந்து வடக்கே போகும் பாதையிலேதான் மிருசுவில் இருக்கிறது. 2000 டிசெம்பர் 19ஆம் திகதி, இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் தம் வீடுவளவுகளைப் பார்த்துவர அங்கே சென்றார்கள். ஐந்து வயதுப் பாலகன் உட்பட எண்மர் வெட்டிக் கொல்லப்பட்டுக் குழியிலே புதைக்கப்பட்டார்கள். தப்பியோடிய ஒருவரின் சாட்சியத்தினால் விடயம் வெளிப்பட்டது. இராணுவத்தினர் ஐவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2015 ஜூன் மாதம், பதினைந்து ஆண்டுகள் செல்லும் தறுவாயில், நால்வர் விடுதலை பெற, சுனில் ரத்நாயக்க என்ற ஒருவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சு 26ஆம் திகதி, நாடே நோய்த்தொற்றுக்கு அஞ்சிக் கதவடைத்திருந்த வேளையில், ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச அவனுக்குப் பொதுமன்னிப்பு அளித்து வெளியே விட்டார்.

“பார்த்தீர்களா? தூக்கிலிட்டிருந்தால் இந்த மன்னிப்புக்கு இடமேது?” என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் சற்று ஆழ்ந்து சிந்திப்போம். அவனுக்கு விதிக்கப்பட்டது சட்டத்திலுள்ள மிகக் கடுமையான தண்டனை. அதைவிடக் கடுமையான தண்டனையொன்று இல்லை. அந்தத் தண்டனைதான் ஒரு தாளிலே காற்றாய்ப் பறந்தது. ஆகவே குறை தண்டனையின் கடுமையிலே இல்லை. ஒரு தனிமனிதரின் கையிலே குவிந்துகிடக்கும் மன்னிப்பு அதிகாரத்திலே இருக்கிறது. தூக்கை மீண்டும் கொண்டுவந்தால் அந்த அதிகாரம் குறைந்துவிடுமா? குறையாது, இரட்டிக்கும். யாரைக் கொல்வது, யாரை விடுவது என்ற இரண்டையும் அதே கை தீர்மானிக்கும். அந்தக் கை மிருசுவிலிலே கொன்றவனைத் தூக்கிலேற்றும் என்று நம்புகிறவர்கள் இந்நாட்டின் வரலாற்றை மறந்தவர்கள்.

மாறாக, மன்னிப்பு அதிகாரத்துக்குக் கடிவாளம் போட முடியும் என்பதற்குச் சான்று உண்டு. கொலைவழக்கிலே மரணதண்டனை பெற்ற முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல் வழங்கப்பட்ட பொதுமன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லாதென்று தீர்த்தது. றோயல் பார்க் வழக்கின் மன்னிப்பையும் அதே ஆண்டு ஜூனிலே செல்லாதாக்கியது. வழக்காடுவதற்கு மனிதன் உயிரோடு இருந்தமையாலேயே அநீதியான மன்னிப்பைத் திருத்த முடிந்தது. அநீதியான தூக்கை எந்த நீதிமன்றம் திருத்தும்?

திருத்தமுடியாத அந்தத் தவறுக்கு எவ்வளவு அண்மையிலே மனிதர் சென்று மீண்டிருக்கின்றனர் என்பதற்கும் எமது பாதையே சாட்சி. 2024 மார்ச்சு மாதத்தின் தொடக்கத்திலே, தெற்கிலிருந்து வந்த வாகனமொன்று சாந்தனின் உடலைச் சுமந்துகொண்டு இவ்வழியால் வடக்கே சென்றது. ராஜீவ் காந்தி கொலைவழக்கிலே 1998இல் 26 பேருக்கும் ஒருங்கே மரணதண்டனை விதித்தது தமிழகத்துத் தனி நீதிமன்றம். மறு ஆண்டு இந்திய உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. 26இல் 19! மேன்முறையீடு இல்லாதிருந்தால் அந்தப் பத்தொன்பது உயிர்களுக்கு யார் கணக்குக் கொடுத்திருப்பார்? எஞ்சியவருள் பேரறிவாளன், சாந்தன், முருகன் ஆகிய மூவரையும் தூக்கிலிட 2011 செப்ரெம்பர் 9ஆம் திகதி குறிக்கப்பட்டது. அதனைத் தடுக்கவேண்டுமென்று காஞ்சிபுரத்திலே செங்கொடி என்ற இளம்பெண் தன்னையே எரித்துக்கொண்டாள். சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதித்தது. ஈராண்டுகள் கழித்து, பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே, தான் வாங்கிக்கொடுத்த மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படுத்தினார். குறித்த நாளிலே கயிறு இறுகியிருந்தால் அந்த அதிகாரியின் மனச்சாட்சி பேசி யாருக்கு என்ன பயன்? பேரறிவாளன் 2022இல் தன் தாயின் வீட்டுக்குத் திரும்பினார். சாந்தனோ, விடுதலை பெற்றும் திருச்சியிலே சிறப்பு முகாமில் அடைபட்டிருந்து, ஊர் திரும்பும் தறுவாயிலே சென்னை மருத்துவமனையில் உயிர்நீத்தார். உடல்தான் தாயிடம் வந்து சேர்ந்தது. வீதியோரத்திலே நின்றவர்களோடு நாமும் தலைகுனிந்து நின்றோம். எம் பக்கத்திலே நின்றவள் அதே கச்சான் ஆச்சி.

இப்பொழுது செம்மணிக்கு வருவோம். 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி, பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருசாந்தி செம்மணிக் காவலரணிலே மறிக்கப்பட்டுக் கெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். 1998 ஜூலை 3ஆம் திகதி கொழும்பு மன்றம் குற்றவாளிகளுக்கு மரணதண்டனை விதித்தது. அப்பொழுது அவர்களுள் ஒருவனான சோமரத்ன ராஜபக்ச மன்றிலே வாய்திறந்தான்: முந்நூறு, நானூறு பேர் வரையில் செம்மணியிலே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றான். மறு ஆண்டு அவன் காட்டிய இடங்களையும் சேர்த்துத் தோண்டியதில் 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. பின்பு கால் நூற்றாண்டு மௌனம். 2025இல் மண் மீண்டும் வாய்திறந்தது. அவ்வாண்டே, சர்வதேச விசாரணை நடந்தால் தன் கணவன் சாட்சியமளிக்க ஆயத்தமாயிருக்கிறான் என்று அவனுடைய மனைவி ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினாள். 

அவன் செய்த குற்றத்தை நாம் மறக்கவில்லை. மன்னிக்கவும் எமக்கு உரிமையில்லை. ஆனால் 1998இலேயே அவனைத் தூக்கிலிட்டிருந்தால் யாருக்கு வசதியாகப் போயிருக்கும்? அவனுக்குக் கட்டளையிட்டவர்களுக்கு. ஒரு சிப்பாயின் கழுத்தோடு வழக்கு முடிந்துவிட்டது என்று மேலே இருப்பவர்கள் கைகழுவியிருப்பார்கள். ‘நீதி வழங்கிவிட்டோம்’ என்று உலகத்துக்கும் சொல்லியிருப்பார்கள். கொலைகாரனைக் கொல்வது சில வேளைகளிலே கொலையை மூடிமறைக்கும் மிகச் சுலபமான வழியுமாகும்.

ஆகவே எமது கோரிக்கை தெளிவானது. மரணதண்டனை சட்டக்கோவையிலிருந்து நீங்கவேண்டும். கொடுங்குற்றத்துக்கு ஆயுட் சிறை உண்மையான ஆயுட் சிறையாக இருக்கவேண்டும். காரணம் காட்டாமல், பாதிக்கப்பட்டோரைக் கேளாமல், எந்த ஜனாதிபதியும் மன்னிப்பு வழங்க இயலாதவாறு சட்டம் திருத்தப்படவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏவப்பட்டவனோடு நின்றுவிடாமல் ஏவியவன்வரை விசாரணை செல்லவேண்டும். இம்மூன்றையும் விட்டுவிட்டுத் தூக்கை மட்டும் ஒழிக்கச் சொன்னால் அந்த ஆச்சியிடம் அதை எடுத்துச் சொல்ல எமக்கு முகமிருக்காது.

இக்கட்டுரையின் சாரத்தைச் சில நாட்கள் கழித்து அவளிடமே சென்று சொன்னோம். அன்று அவனைத் தூக்கிலிட்டிருந்தால், இன்று சாட்சி சொல்ல அவன் இருந்திருக்கமாட்டான் என்று விளக்கினோம். கச்சானை அளந்து தாளிலே சுற்றிக்கொண்டே கேட்டிருந்தாள். சுற்றி முடித்த சரையை வாங்கவந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சரி, உயிரோடை இருக்கட்டும். வந்து சொல்லட்டும், என்ரை பிள்ளையை எங்கை தாட்டவங்கள் எண்டு” என்றாள். பின்னர் சற்றுப் பொறுத்து, “அதுக்குப் பிறகு நான் என்ன செய்யவேணுமெண்டு நீ எனக்குச் சொல்லாதை தம்பி” என்றாள்.

நாம் சொல்லவில்லை. தேநீர்க்கடைக்குள்ளே சென்று ஒரு செம்பு தண்ணீர் வாங்கிவந்து அவளிடம் கொடுத்தோம்.